‘முதலிடம்’ என்றால் எந்தப் பந்தயத்தில் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளம் கார் பந்தய வீரர்களைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வருவது மகிழ்ச்சி. ஆனால் ‘முதலிடம்’, ‘ஏழாமிடம்’ என்பதோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடுகிறது. கார்ட்டிங்கில் (சிறு திறந்த வண்டிப் பந்தயம்) தொடங்கி ஃபார்முலா 4, ஃபார்முலா ரீஜினல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என ஃபார்முலா 1-ஐ நோக்கிப் படிப்படியாக ஏறும் ஒருவரை இடத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் கணக்கு தப்பும்.

ஃபார்முலா 3, ஃபார்முலா 2 இரண்டிலும் ஒரு சுற்றில், அதாவது ஒரு பந்தய வார இறுதியில், இரண்டு பந்தயங்கள். முதலில் நடக்கும் ஸ்பிரிண்ட் எனும் குறுகிய பந்தயத்தில், தகுதிச் சுற்றில் முன்னால் வந்தவர்களைத் தலைகீழாக நிறுத்துவார்கள்: ஃபார்முலா 3-ல் முதல் 12 பேர், ஃபார்முலா 2-ல் முதல் 10 பேர். ஆக, ஃபார்முலா 3-ல் 12-வதாக வந்தவர் முதல் ஆளாகக் கிளம்புவார். அந்த வெற்றியும் உழைத்துப் பெற்றதுதான்; பின்னால் நெருக்கும் வேகமான கார்களைக் கடைசி வரை தடுத்து நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஆனாலும் ஸ்பிரிண்டில் வென்றால் 10 புள்ளி, தகுதிச் சுற்று வரிசையிலேயே தொடங்கும் ஃபீச்சர் எனும் முதன்மைப் பந்தயத்தில் வென்றால் 25. செய்தியில் இரண்டும் ஒரே ‘முதலிடம்’ ஆகிவிடுகின்றன.

கார்ட்டிங் சாம்பியன் ஒருவர் ஃபார்முலா 4-க்கு வந்த முதல் ஆண்டில் தடுமாறினால் ‘சறுக்கல்’ என்று தலைப்பு வருகிறது. அதற்கான காரணம் பல சமயம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்ட்டில் சஸ்பென்ஷன் (சக்கர அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) கிடையாது, டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழலும். அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்பினால்தான் வண்டி திரும்பும்; எழும்பாவிட்டால் இன்ஜின் சுழற்சி விழுந்து, வளைவை விட்டு வெளியேறும் வேகம் செத்துவிடும். அந்தச் சக்கரத்தை எழுப்புவதற்காகச் சிறுவர்கள் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பப் பழகுகிறார்கள். ஃபார்முலா 4 காரில் அதே பழக்கம் முன் டயரை அதன் பிடிமான எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். கார் திரும்பாமல் வெளிப்பக்கம் அகன்றுகொண்டே போகும். எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற சஸ்பென்ஷனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

பிரேக்கிலும் இதே சிக்கல். கியர் இல்லாத ஜூனியர் கார்ட்டில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. ஃபார்முலா 4-ல் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் காரைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் உச்சத்தில் இருக்கும்போது அந்த அழுத்தமும் உச்சம், எனவே பிரேக்கை மிதிக்கும் முதல் கணத்தில்தான் முழு பலம் வேண்டும். வேகம் குறையக் குறைய அழுத்தமும் குறையும். காலையும் அதே அளவில் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். தளர்த்தத் தாமதித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேயும், பிறகு பந்தயம் முழுக்க அதிர்வுதான். இது காலுக்குப் பழக ஒரு சீசன் பிடிப்பதில் வியப்பில்லை.

அதற்கு மேல் ஏற ஏற பலமும் கூடுகிறது. ஃபார்முலா 4-ல் ஏறத்தாழ 160 முதல் 180 குதிரைத்திறன், ஐரோப்பிய ரீஜினலில் 270 அளவு, ஃபார்முலா 3-ல் 380, ஃபார்முலா 2-ல் 620. ஃபார்முலா 2 காரிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை. தோளும் கழுத்தும் தயாராக இல்லாதவர் பந்தயத்தின் கடைசி சுற்றுகளில் நேரத்தை இழப்பார். ஆனால் அங்கே உண்மையான சோதனை டயர்தான். பின்டயர் கொஞ்சம் வழுக்கினால் மேற்பரப்பு சூடேறும், சூடேறினால் பிடிமானம் குறையும், குறைந்தால் இன்னும் வழுக்கும். தகுதிச் சுற்றில் மின்னியவர் ஃபீச்சர் பந்தயத்தில் பின்வாங்குவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றிலும் சேஸியும் (காரின் உடற்கூடு) இன்ஜினும் எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் அணிகளின் தரம் வேறு. எனவே நம்பத்தக்க அளவுகோல் அதே அணியின் சக வீரர். அவரைவிடத் தகுதிச் சுற்றில் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும். அந்தத் தொடரில் எத்தனையாவது ஆண்டு என்பதும் முக்கியம். பிறகு ஃபார்முலா 1-க்குப் போன லெக்லெர்க் 2017-லும், ரஸ்ஸல் 2018-லும், பியாஸ்ட்ரி 2021-லும் ஃபார்முலா 2 பட்டத்தை முதல் ஆண்டிலேயே வென்றவர்கள். மூன்றாம் ஆண்டில் வெல்வதை அணிகள் வேறு விதமாகத்தான் பார்க்கின்றன.

‘அடுத்து ஃபார்முலா 1’ என்று எழுதும் முன் அதை ஓட்டத் தேவையான உரிமமான சூப்பர் லைசென்ஸ் கணக்கையும் பார்க்க வேண்டும். மூன்று சீசன்களில் 40 லைசென்ஸ் புள்ளிகள் தேவை. ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12, ஃபார்முலா 3 சாம்பியனுக்கு 30, ஃபார்முலா 2-ல் முதல் மூவருக்கும் தலா 40. வெர்ஸ்டாப்பன் 2015-ல் 17 வயதில் ஃபார்முலா 1-ல் அறிமுகமான பிறகுதான் குறைந்தது 18 வயது என்ற வரம்பு வந்தது. புள்ளி இருந்தாலும் இருக்கை நிச்சயமில்லை: பியாஸ்ட்ரிகூட 2022 முழுவதும் ரிசர்வ் (மாற்று) ஓட்டுநராகத்தான் இருந்தார்.

எனவே முடிவை வெளியிடும்போது எந்தப் பந்தயம், தகுதிச் சுற்றில் எத்தனையாவது, சக வீரரின் இடம் என்ன, அந்தத் தொடரில் எத்தனையாவது ஆண்டு என்ற விவரங்களையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி போதும். ஒவ்வொரு சுற்றின் முடிவுகளையும் தொடர் நடத்துபவர்களே பொதுவில் வெளியிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்