கார்லைல் நினைவிடத்தாருக்கு: 1912 சீசனைப் பற்றி ஒரு மடல்

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கும், அந்த வளாகத்தை இன்றும் வைத்திருக்கும் ராணுவத்துக்கும்,

வணக்கம்.

தமிழில் எழுதுவதால் உங்களில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. கார்லைல் பள்ளிக்குள் தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது என் மொழியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மொழிபெயர்க்க உங்களிடம் ஆளா இல்லை?

2024 டிசம்பரில் அந்தப் பள்ளி இருந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தீர்கள். 'கார்லைல் இந்தியப் பள்ளி' என்றால் நம் ஊர் இந்தியர் இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகள். 1879 முதல் 1918 வரை, குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச்சொல்லி, தொட்ட பெயரையே பிள்ளைக்கு வைத்த பள்ளி. இனி அங்கே தகவல் பலகைகள் வரும், படங்கள் வரும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய தோல் பந்தும் வரலாம். என் கவலையெல்லாம் அந்தப் பந்தைப் பற்றித்தான்.

வினாடி வினாவுக்குப் படித்தபோதுதான் ஜிம் தோர்ப் எனக்குத் தெரியவந்தார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டி), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு கார்லைல் பள்ளி அணிக்காக அவர் ஆடிய கால்பந்து சீசன் அப்புறம்தான் கண்ணில் பட்டது. நாம் காலால் ஆடும் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை 14 ஆட்டங்கள். 12 வெற்றி, ஒரு சமன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று ஒரே ஒரு தோல்வி. எடுத்தது 504 புள்ளி, கொடுத்தது 114. பெரிய ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில்தான். கூட்டமும் வசூலும் அங்கேதான் இருந்தன. அக்டோபர் 26இல் ஜார்ஜ்டவுனை வென்றவர்கள் 28இல் கனடாவின் டொரன்டோவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த ஒரு நாளையும் ரயில் தின்றிருக்கும்.

உங்கள் பலகையில் முதலில் ஏறப்போவது நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட். ராணுவக் கல்லூரி அணியோடு மோதி 27-6 என்று வென்ற நாள். எதிரணியில் ஐசன்ஹோவர் என்ற இளைஞர் இருந்தார், பின்னாளில் உங்கள் ஜனாதிபதி. அமெரிக்க ராணுவம் பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் பூர்வகுடிப் பையன்கள் ராணுவத்தை அதன் மைதானத்திலேயே சாய்த்தார்கள் என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது! எனக்கும் சிலிர்த்தது. ஆனால் ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அன்று கார்லைலின் நான்கு டச்டவுன்களில் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் கிடைக்கும் ஆறு புள்ளி) மூன்று அலெக்ஸ் அர்காசாவுடையவை, ஒன்று ஜோ பெர்கியுடையது. தோர்ப் நெடுந்தூரம் ஓடி எடுத்த ஒன்றை நடுவர் செல்லாது என்றுவிட்டார். தோர்ப் கணக்கில் சேர்ந்தது டச்டவுனுக்குப் பிறகு உதைக்கும் ஒற்றைப் புள்ளிகள் மட்டும். அவர் அன்று பிரமாதமாக ஆடினார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அர்காசாவை யாருக்குத் தெரியும்? நாயகன் ஒருவன் போதும் என்று கதை சொல்பவர்கள் முடிவு செய்துவிட்டால் மீதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். அந்தப் பள்ளி காணாமல் போகவைத்த பெயர்கள் ஏற்கெனவே நிறைய.

இந்த சீசனுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. டிக்கெட் வசூலில் வந்த பங்கு பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது. அந்த நிதி கோச் பாப் வார்னர் கையில் இருந்தது. 1914இல் உங்கள் நாடாளுமன்றக் குழு நேரில் வந்து விசாரித்தது. விசாரணைக்கு வழி செய்தது வெளியாள் யாரும் இல்லை, 1912 அணியில் ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். வார்னர் நல்ல கோச்தான், ஆனால் கொள்கை இல்லாத மனிதர் என்ற பொருளில் சாட்சியும் சொன்னார். பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியது, அடித்தது எல்லாம் பதிவாயிற்று. பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார். வார்னர் அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் இன்னும் பெரிய பெயர் எடுத்தார்.

தோர்ப்புக்கு நடந்ததும் தெரிந்ததே. 1909, 1910 கோடையில் காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று 1913 ஜனவரியில் செய்தி வந்தது. காசுக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால் பதக்கங்கள் பறிபோயின. வார்னர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையைக் கழுவிக்கொண்டார். அந்த இரண்டு போட்டிகளிலும் தோர்ப் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு மறுபடி ஏற்றுக்கொள்ள 2022 ஆயிற்று. அவர் இறந்தது 1953இல்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். 1912 சீசனைக் காட்டுங்கள், பெரிதாகவே காட்டுங்கள். அந்தப் பையன்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அதை பாகற்காய்க் குழம்பில் போடும் வெல்லமாக ஆக்கிவிடாதீர்கள். பள்ளி கொடுமையானதுதான், இருந்தாலும் எப்பேர்ப்பட்ட டீம் பாருங்கள் என்று பார்வையாளர் வாய் இனித்துத் திரும்பும்படி வைக்காதீர்கள். அந்தக் காலத்திலும் இந்த அணி பள்ளிக்கு விளம்பரமாகத்தானே இருந்தது? ஸ்கோர் அட்டைக்குப் பக்கத்தில் வெல்ச்சின் மனுவை அதே அளவில் மாட்டுங்கள். விளையாட்டு நிதியின் வரவு செலவையும் அங்கேயே வையுங்கள். பையன்களுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தோர்ப்புக்கு வா-தோ-ஹுக் என்று ஒரு பெயர் இருந்தது.

வளாகத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தையும் மறக்க வேண்டாம். 2017 முதல் பிள்ளைகளின் உடல்களைத் தோண்டி எடுத்து அவரவர் இனத்தாரிடம் ராணுவம் ஒப்படைத்து வருகிறது. நல்ல காரியம். அங்கே நிற்கும் வெள்ளைக் கற்களில் சிலவற்றில் பெயரே இல்லை, 'தெரியாதவர்' என்று மட்டும் இருக்கிறது. சிலவற்றில் பெயர் தப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

புதுப் பலகையை அச்சுக்குக் கொடுக்கும் முன், அர்காசா, பெர்கி, வெல்ச் என்ற பெயர்களை அந்தந்தக் குடும்பத்தாரிடம் ஒருமுறை காட்டி எழுத்து சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தொலைவில் இருந்து ஒரு வாசகர்