சிக்னலில் உதறும் ஜென்

மஞ்சக்குப்பம்,
கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மெக்கானிக்கிட்ட குடுத்துடறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காந்திபுரம் சிக்னலில் நின்றால் உன் மாருதி ஜென் கார் உதறி ஆஃப் ஆகிறது, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்றாய். அங்கே மெக்கானிக் ஒருவர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் இருக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டிவிட்டார். உதறல் கொஞ்சம் அடங்கியது, பெட்ரோல் வாடை தொடங்கியது. எனக்கு ஸ்க்ரூ மேல் சந்தேகமே இல்லை. கார்பரேட்டருக்குக் கீழே எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டைக் காற்றும் சேர்ந்தால் பெட்ரோல் பங்கு குறைந்து கலவை மெலிந்துவிடும். வேகத்தில் அதே ஓட்டை ஒரு பொருட்டே அல்ல. ஓட்டையை விட்டுவிட்டு பெட்ரோலைக் கூட்டினால் ப்ளக்தான் கரி பிடிக்கும்.

எத்தனை சுற்று திறந்தார் என்று கேட்டு, அந்த அளவுக்குத் திரும்ப உள்ளே திருப்பச் சொல். ஓட்டையை அடைக்கும் வரை அதன் பக்கம் யார் கையும் போக வேண்டாம்.

வண்டி நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்லோவில் ஓடவிட்டுப் பார். உன் அம்மா பூச்செடிக்குத் தெளிக்கிற மாதிரி ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கார்பரேட்டர் அடி கேஸ்கெட், கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டு சேரும் இடம், ரப்பர் ஹோஸ் முனைகள் என்று ஒவ்வொன்றாகத் தெளி. எங்கே தெளிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. டிஸ்ட்ரிபியூட்டர், காயில் மேல் மட்டும் தண்ணீர் படக் கூடாது. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான சைலென்சர் குழாய் பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எனக்கு இன்னொரு கணக்கும் ஓடுகிறது. சிக்னலில் நிற்கும்போது உன் கால் பிரேக்கில் இருக்கும், இல்லையா? ஸ்லோவில் ஓடவிட்டு பிரேக்கை அழுத்திப் பிடி. ஒரு கணம் ஸ்லோ மாறி உடனே நிதானத்துக்கு வந்தால் பரவாயில்லை. பிடித்திருக்கும் வரை உதறினால், இன்ஜின் உறிஞ்சலை வைத்து பிரேக்குக்கு உதவும் பூஸ்டரின் டயாபிரம், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதே, அது பிரேக் சமாச்சாரம்.

இப்போது பங்கில் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு எடையில் ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று. எத்தனாலுக்கு ஒன்பது பங்கு போதும். 1996 மாடல் கார்பரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது, பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட் அளவிலேயே ஊற்றும். அதனால் கலவை கொஞ்சம் மெலியத்தான் செய்யும். ஓட்டை எல்லாம் அடைத்த பிறகு ஸ்க்ரூவை ஒரு நூல் திறக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். உள்ளே திருப்புகிறவர் இறுக்கி முடுக்கினால் ஸ்க்ரூவின் ஊசி முனை போய்விடும் என்பதையும் சொல்லி வை.

ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பொள்ளாச்சி வரை ஓட்டிவிட்டு வந்து கழற்றினால் ஸ்லோ எப்படி என்று தெரியாது, ஓட்டத்தில் கரி எரிந்துபோயிருக்கும். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஸ்லோவில் ஓடவிட்டு, ரேஸ் பண்ணாமல் ஆஃப் செய்து, ஆறிய பிறகு கழற்றச் சொல். வறண்ட கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம், இளம் பழுப்பு என்றால் சரி. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால் அந்த சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நாலையும் வரிசை மாறாமல் வைத்து, வெயிலில் போட்டோ எடுத்து அனுப்பு. என்ன வாங்குவது என்று அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா