ஞாயிறு அறிமுக வகுப்பு: ஜன்னல் வெளிச்சம், பித்தளைச் சொம்பு, முகம்

நண்பர்களே, ஞாயிறு காலை ஸ்டூடியோ படம் எடுப்பதற்கான அறிமுகம். ஃப்ளாஷ் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறீர்கள், இப்போதைக்கு வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னல், வெள்ளைத் தெர்மாகோல், ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) போதும்.

முதலில் பொருட்கள், அப்புறம்தான் முகம். பித்தளைச் சொம்பு எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், உங்கள் சட்டை நிறம் உட்பட. தெர்மாகோலை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்து மெல்ல நகர்த்தினால் இருண்டு கிடந்த விளிம்பில் ஒரு வெளுத்த கோடு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், சொம்பு உருண்டையாகத் தெரிவது அதனால்தான். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரத்தின் அளவு எஃப் 8 வையுங்கள். ட்ரைபாடில் இருப்பதால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) எவ்வளவு மெதுவானாலும் கவலை இல்லை, கை படாமல் டைமரில் எடுங்கள்.

முகம் எடுக்கும்போது ஆளை ஜன்னலுக்கு அருகில் உட்கார வையுங்கள், தள்ளிப் போகப் போக நிழலின் ஓரம் கடினமாகும். நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழுந்தால் அது ரெம்பிராண்ட் என்ற டச்சு ஓவியரின் பெயரில் வழங்கும் ஒளியமைப்பு, எனக்கு மிகவும் பிடித்தது. ஃபோகஸ் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணில் இருக்கட்டும். மொபைலில் எடுப்பவர்கள் முகத்தருகே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். நாலடி தள்ளி நின்று 2எக்ஸ் (இரு மடங்கு ஜூம்) லென்ஸில் எடுங்கள்.

பளபளக்கும் பாத்திரம் ஒன்று கட்டாயம் கொண்டுவாருங்கள். வருபவர்கள் இங்கேயே பெயரைப் போடுங்கள்.