அடித்த காபியும் காபிதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காபி கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொட்டையை வறுப்பது, அரைப்பது, டிகாஷன் இறக்குவது பற்றியெல்லாம் அருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஐஸ் போட்டு மிக்சியில் அடிக்கும் காபியை மட்டும், அது காபியே இல்லை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

காலையில் எனக்கும் சூடான காபிதான் வேண்டும். அதன் சுகம் வாசனையில் இருக்கிறது. அடித்த காபியின் சுகம் வேறு இடத்தில், பல்லிலும் நாக்கிலும். ஐஸ் கட்டி பொடிப்பொடியாக உடைந்து, கூடவே காற்றும் புகுந்து நுரைத்துக் கெட்டியாகிறது. ஸ்ட்ராவில் ஒரு வாய் இழுத்தால் முதலில் ஜில்லென்ற மணல் மாதிரி நறநறக்கும். அது வாய்ச்சூட்டில் கரைந்த பிறகுதான் காபியின் கசப்பும் மணமும் மெதுவாக எழும். அதே காபியில் வெறுமனே நாலு ஐஸ் கட்டியைப் போட்டுக் குடித்தால் இது கிடைக்காது.

இது நேற்று முளைத்த நாகரிகமும் இல்லை. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரக் கண்காட்சியில், 1957இல், நெஸ்லேயின் பிரதிநிதி ஒருவர் வெந்நீர் கிடைக்காமல் இன்ஸ்டன்ட் காபியைக் குளிர்ந்த நீரில் போட்டுக் குலுக்கப்போய்ப் பிறந்ததுதான் ஃப்ராப்பே. ஐஸோடு சேர்த்து அடிக்கும் ஃப்ராப்புச்சீனோவை ஸ்டார்பக்ஸ் 1995இல் கொண்டுவந்தது.

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், சர்க்கரை. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. அதை ஈடுகட்டக் கடைகளில் சர்க்கரைப் பாகை அள்ளி ஊற்றுகிறார்கள். நம்பாவிட்டால், கோப்பையின் அடியில் மிஞ்சியதைக் குளிர் விடும்வரை வைத்திருந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். திகட்டிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

அதனால் நான் வீட்டிலேயே செய்துகொள்கிறேன். கெட்டியான டிகாஷன் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும், குளிர்ந்த பிறகு போட்டால் லேசில் கரையாது. அதில் பாதியை ஆறவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் காபிக்கட்டி தயார். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிட வேண்டும். அப்புறம் இரண்டையும் ஜில்லென்ற பாலோடு சேர்த்து, மிக்சியை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒரேயடியாக ஓடவிட்டால் சூடேறி ஐஸ் உருகிவிடும். தண்ணீர் ஐஸ் சேராததால், உருகினாலும் காபி நீர்த்துப்போகாது. முதல் வாய் எப்படியோ அப்படியே கடைசி வாயும் இருக்கும்.

கட்டுரையாளர் இதை ஒரு நாள் மதியம் செய்து குடித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் இது காபி இல்லை என்று தோன்றினால், அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி