நாடோடிக் குடும்பங்களின் துக்கத்தில் துணை நிற்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் டெல்டாவின் கோயில் விழாக்களுக்கும் பாசிமணி விற்கச் செல்லும் நரிக்குறவர் குடும்பத்தில் ஒருவர் வழியில் இறந்துவிட்டால், அந்த இறப்பை, சொந்த ஊரில் அல்ல, நிகழ்ந்த இடத்திலேயே 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதிவுசெய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை பெற வேண்டும். அதற்குள் அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ! இறப்புச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் விதவை ஓய்வூதியம், வாரிசுச் சான்று, நரிக்குறவர் நல வாரியத்தின் ஈமச்சடங்கு உதவி ஆகிய எதற்கும் விண்ணப்பிப்பது எளிதல்ல.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் பட்டியல் துக்கத்தைத் தாங்காது. பூம்பூம் மாட்டுக்காரர் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

மன ஆறுதலுக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. எனினும் வீட்டில் நரிக்குறவர்களின் தாய்மொழியான வாக்ரிபோலி பேசும் ஒரு தாய், குழந்தையை இழந்த மறுநாள், முன்பின் அறியாத குரலிடம் தமிழில் மனம் திறப்பார் என எதிர்பார்ப்பது, என் கருத்தில், சற்று மிகையானது. ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்கள் அச்சமூகத்துப் படித்த இளைஞர்களுக்கே பயிற்சியும் ஊதியமும் அளித்து, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களுடன் குடியிருப்புகளுக்கும் திருவிழாத் திடல்களுக்கும் அனுப்ப வேண்டும். இறப்புப் பதிவுக்கான விண்ணப்பத்தையும் அவர்களே அங்கு நிரப்பித் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்.