பிரீமியம் குறையவில்லை என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் சிறிய விமானங்களுக்கான வான்குடை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டைப் பற்றித் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், "காப்புறுதி பிரீமியமே குறையாதபோது இந்தச் செலவு எதற்கு?" என்று முடித்துவிட்டீர்கள். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்திவிட்டது.

1981-இல் இதே பேச்சை நேருக்கு நேர் கேட்டவன் நான். அப்போது தோட்டத்துப் பட்டறையில் வேலை. மேட்டு நிரையில் ரப்பர் பால் தொட்டி இழுக்கும் டிராக்டர்கள் கவிழும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டுபவர் தலைக்கு மேல் இரும்புச் சட்டம் போடலாம், பற்றவைக்கும் கூலிகூட வேண்டாம் என்று மானேஜரிடம் போய் நின்றேன். "போட்டால் இன்சூரன்ஸ் குறையுமா?" என்று கேட்டார். குறையாது என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த மழைக்காலத்தில் என் அண்ணன் அந்த டிராக்டருக்கு அடியில் கிடந்தார். இழப்பீடு வந்து மூன்றே மாதத்தில் தோட்டத்துக்குப் புது டிராக்டர் வந்தது. அண்ணிக்கு சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பணம் வந்தது.

பிரீமியம் ஏன் குறைவதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. விமானக் காப்புறுதியின் பெரும்பகுதி விமானத்தின் விலையையும், விமானி எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்பதையும் பார்த்துப் போடப்படுகிறது. வான்குடையை ஒரு சிறிய ராக்கெட்தான் வெளியே இழுக்கிறது. வான்குடையை விமானத்தோடு பிணைக்கும் பட்டைகள் விமான உடலின் மேல்தோலுக்கு அடியில் புதைந்திருக்கும், அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அதன்பின், வான்குடையோடே விற்கப்படும் சிர்ரஸ் என்ற சிறிய விமானம் நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் இறங்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கூரையிலிருந்து விழுகிற மாதிரியான அடி அது. சக்கரக் கால்களும் இருக்கைகளும் அதை வாங்கி நசுங்கும், உள்ளே இருப்பவர் நடந்து வெளியே வருவார். விமானம் பெரும்பாலும் பழைய இரும்புதான், நிறுவனம் முழு விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு கட்டணம் எப்படிக் குறையும்? பத்து ஆண்டுக்கு ஒருமுறை வான்குடையை மாற்றி மடிக்கும் செலவும் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அமெரிக்காவில் சில காப்புறுதி நிறுவனங்கள், வான்குடையை இழுத்த விமானி சேதச் செலவில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகையைத் தள்ளுபடி செய்திருக்கின்றன. பணத்தை நினைத்து அந்தக் கை தயங்கக்கூடாது என்பதற்காக. உங்கள் கட்டுரையில் இது இல்லை. சிர்ரஸ் வந்த முதல் ஆண்டுகளில் வான்குடை இருந்தும் இழுக்காமலே செத்தவர்கள் உண்டு. சீக்கிரம் இழு என்று பயிற்சியை மாற்றிய பிறகே உயிரிழப்பு குறைந்தது. அதுவும் இல்லை. 2002 அக்டோபரில் டெக்சாஸில் ஒரு சிர்ரஸின் இறக்கைப் பகுதி கழன்று தொங்க, விமானி வான்குடையில் இறங்கிப் பிழைத்தாரே, அவரைப் பற்றி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

மோட்டார் சைக்கிளுக்கு இங்கே மலேசியாவில் தலைக்கவசம் கட்டாயமாகி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தலைக்கவசம் போட்டவருக்குப் பிரீமியத்தில் ஒரு ரிங்கிட் குறைத்தார்களா? நோ கிளைம் கழிவு விபத்துப் பணம் கேட்காதவருக்குக் கிடைப்பது, அவ்வளவுதான். அதற்காகத் தலைக்கவசத்தை வீண் செலவு என்று யாரும் எழுதவில்லை.

என் பேரன் இப்போது விமானம் ஓட்டப் படிக்கிறான். மகள் தன் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கட்டுகிறாள். அவன் ஏறும் விமானத்தில் வான்குடை கிடையாது. உங்கள் பத்திரிகையைப் படிக்கும் பயிற்சிப் பள்ளிக்காரர் ஒருவர் அந்தக் கடைசி வரியை வெட்டி வைத்துக்கொண்டால் போதும், இனி வான்குடை வாங்கவும் மாட்டார்.

லோரியின் பின்புறத்தில் தொழிலாளர்களை ஏற்றிப் போவது பற்றி முன்பு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் மூன்று வரிதான் அச்சில் வந்தது. தாங்கள் பெரியவர்கள், இடநெருக்கடி இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். இம்முறை ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிறு மலரில், அதே பக்கத்தில், வான்குடை விமானத்தைக் காப்பாற்ற அல்ல, ஆளைக் காப்பாற்ற வைக்கப்படுவது என்று ஒரு விளக்கம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அண்ணனைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.