சக்கரத்துக்குக் கம்பி நார் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய வீல் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கார் என்றாலும் நன்றாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். ஆனால், வீலில் படிந்த பழுப்பைக் கம்பி நார் கொண்டு தேய்த்துவிடட்டுமா என்று நீ கேட்டிருந்ததைப் படித்ததும், தொலைபேசியில் சொன்னால் பாதிதான் நினைவில் நிற்கும் என்று தோன்றியதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். தேய்த்துவிடாதே.

கண்ணாடிபோல் மின்னும் அந்தக் குரோம் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று நீயே கணக்கிட்டுக்கொள். அதற்கு அடியில் நிக்கல், பல வீல்களில் அதற்கும் அடியில் செம்பு, அதன் பிறகே அலுமினியமோ இரும்போ இருக்கும். குரோம் கடினமான உலோகம்தான். ஆனால் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. ஈரமும் உப்பும் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரித்தால், மேற்பூச்சு கொப்புளம்போல் எழும்பிச் செதில் செதிலாக உரியும். கம்பி நாரிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகளோ கீறல்களிலும் இடுக்குகளிலும் தங்கித் தாமே துருப்பிடித்து, இல்லாத கறையை உண்டாக்கிவிடும்.

உன் படங்களில் முன்வீல்கள் பின்வீல்களைவிடக் கறுத்திருப்பதைக் கவனித்தாயா? வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குகளுடையது. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசும்போது பறக்கும் சூடான இரும்புத் தூள் வீலில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் பழுப்பாகிறது. ஆகவே நீ துரு என்று நினைப்பதில் பெரும்பகுதி குரோமின் துருவே அன்று, கழுவினால் போகும் அழுக்குதான்.

ஓட்டி வந்த சூட்டோடு கழுவாதே. தண்ணீரும் சோப்பும் சட்டென்று உலர்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். வீல் கைக்குக் குளிர்ந்த பிறகு, முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சித் தூளை விரட்டிவிட்டு, காருக்கென்றே விற்கும் மென்மையான ஷாம்பு கலந்த நீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, ஒரு வீலை முழுவதும் முடித்து அலசிய பிறகே அடுத்த வீலுக்குப் போ. நட்டுக் குழிகளுக்கும் உட்புறத்துக்கும் மென்மையான பிரஷ் போதும். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி வைத்துக்கொள். அந்த இரும்புத் தூளோடு பாடியைத் துடைத்தால் பெயிண்டில் கோடு விழும். கழுவுவதைவிடத் துடைத்து உலர்த்துவதையே நான் முக்கியமாகச் சொல்வேன், ஏனென்றால் உப்புச் சத்துள்ள தண்ணீர் தானாகக் காய விடப்பட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும், பிறகு அவற்றை எடுக்கப் படாதபாடு பட வேண்டும்.

அமிலம் கலந்த எதையும் குரோமின் பக்கம் கொண்டுபோகாதே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது நம் பழைய காரின் வீலில் ஏறிய கறையை, யாரோ சொன்னார்கள் என்று கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றித் துடைத்தேன். கறை ஒரு நிமிடத்தில் போயிற்று. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் வெயிலில் பார்த்தால், குரோமுக்குரிய நீலம் கலந்த வெண்மை போய், ஓரிடத்தில் இலேசான மஞ்சள் தெரிந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைத்து, அடியிலிருந்த நிக்கலை வெளியே காட்டிவிட்டது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடம் கொப்புளித்தது. மறுபடி முலாம் பூசாமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. தானியங்கிக் கார் கழுவும் இடங்களிலும் வீலுக்கு என்ன தெளிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்.

கழுவிய பிறகும் புள்ளியாகத் துரு நின்றால், அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துப் பார். அலுமினியம் குரோமைவிட மிக மிருது. ஆனால் வீலின் மேல் லாக்கர் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருந்தால் இதைச் செய்யாதே, அது மங்கிவிடும். உலர்ந்ததும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் பூசிவிட்டால் தூள் அவ்வளவாக ஒட்டாது.

டயர் மாற்றும்போது, வீல் அதிராமல் சுழல்வதற்காகப் பொருத்தும் பேலன்ஸ் எடையை, பூச்சைக் கீறாதபடி, விளிம்பில் கவ்வும் வகையாக மாட்டாமல் உட்புறம் ஒட்டும் வகையாகப் போடச் சொல். டயர் அமரும் உள்விளிம்பையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடு. அங்கே பூச்சு உரிந்திருந்தால் பஞ்சர் இல்லாமலே காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது படத்தில், காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி தெரிகிறது. வீலைக் கழுவித் துடைத்த பிறகு அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். வழுக்கிக்கொண்டு போனால் அழுக்கு. நகம் தடுக்கி நின்றால் பூச்சு எழும்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். எதுவானாலும் பகல் வெளிச்சத்தில், கிட்டே வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா